கம்பெனி மெயிலை இன்னொரு சர்வருக்குத் திருப்பி விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர் பம்புசெட் தொழிற்சாலை, கரூர் ஹோம் டெக்ஸ்டைல்ஸ், நாமக்கல் லாரி ஆபீஸ் என்று எங்கே போனாலும் மெயில் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். கம்பெனி பெயரில் ஒரு டொமைன், ஏதோ ஒரு ஹோஸ்டிங்கில் மெயில் பெட்டிகள், அங்கிருந்து முதலாளியின் ஜிமெயிலுக்கு ஒரு ஃபார்வேர்டு. பல வருடம் தொந்தரவில்லாமல் ஓடிய இந்த ஏற்பாடு இப்போது அடிக்கடி மக்கர் செய்கிறது. ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் மெயில் தவறினால் ஒரு சீசன் வேலையே கைவிட்டுப் போகும் ஊர்கள் இவை. அதனால் இந்தப் பக்கத்து மெயில் சர்வர்களைப் பராமரிக்கும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வர் மாற்றும்போது சில நாட்களுக்கு ஃபார்வேர்டு போடுங்கள், நல்லது. நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்பது கீழே உள்ள பதில்களில் தெரியும்.

நான் ஒரு மெயிலைத் திறந்து ஃபார்வேர்டு அழுத்துவதும், சர்வரிலேயே ஃபார்வேர்டு போட்டு வைப்பதும் ஒன்றுதானுங்களா?

இல்லை. நீங்கள் கையால் அழுத்தும்போது அது உங்கள் பெயரில் போகும் புது மெயில். அனுப்புநர் நீங்கள்தான், யாருக்கும் சந்தேகம் வராது. சர்வரில் போட்டு வைத்தால், பையர், அதாவது உங்கள் சரக்கை வாங்குபவர், அனுப்பிய அதே மெயில் அவர் பெயரிலேயே உங்கள் சர்வரிலிருந்து கிளம்புகிறது. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான்.

ஒவ்வொரு மெயிலிலும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. ஒன்று நாம் திரையில் பார்ப்பது. இன்னொன்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்வது, நம் கண்ணில் படாதது. கடிதத்தின் உள்ளே எழுதிய பெயரும் கவரின் மேல் எழுதிய பெயரும் போல என்று வைத்துக்கொள்ளலாம். மெயில் போய்ச் சேராவிட்டால் பவுன்ஸ், அதாவது சேரவில்லை என்ற அறிவிப்பு, திரும்புவது கவர் மேல் உள்ள முகவரிக்குத்தான். சர்வர்கள் மெயில் பரிமாறிக்கொள்வதற்காக 1982-இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி விதிமுறையிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு சர்வர் அடுத்த சர்வரைக் கேள்வி கேட்காமல் நம்பியது. இப்போது நம்புவதில்லை.

பையர் மெயில் போட்டேன் என்கிறார், எங்களுக்கு வரவே இல்லைங்க. அவருக்கு ஏதோ பவுன்ஸ் போயிருக்கிறது. எங்கே தவறு?

அந்த பவுன்ஸை பையரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 550 5.7.26 என்ற எண் இருந்தால், அனுப்பியவர் யார் என்று உறுதி செய்ய முடியாததால் ஜிமெயில் திருப்பி அனுப்பிவிட்டது என்று பொருள்.

நடந்தது இதுதான். ஜெர்மனியில் இருக்கும் பையர், அவர் கம்பெனி டொமைனுக்கு எஸ்பிஎஃப் என்ற பதிவை டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் விவரங்களை யாரும் பார்க்கக்கூடிய இணையப் பதிவேட்டில், வைத்திருக்கிறார். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் இவை மட்டும்தான் என்கிற பட்டியல் அது. மெயில் முதலில் உங்கள் ஹோஸ்டிங் சர்வருக்கு வரும்போது அவருடைய சர்வரிலிருந்தே வருகிறது, பட்டியலோடு பொருந்துகிறது. உங்கள் சர்வர் அதை ஜிமெயிலுக்குத் திருப்பும்போது ஜிமெயில் பார்ப்பது உங்கள் ஹோஸ்டிங்கின் ஐபி எண்ணை. அந்த எண் பையரின் பட்டியலில் எப்படி இருக்கும்? எஸ்பிஎஃப் தோற்றுவிடுகிறது.

இரண்டாவது காவல் டிகிம். அனுப்பும் சர்வர் மெயிலின் உள்ளடக்கத்துக்கும் முக்கியமான தலைப்பு வரிகளுக்கும் சேர்த்து ஒரு டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறது. எந்தச் சர்வர் வழியாக வந்தாலும், வழியில் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தால் கையெழுத்து செல்லும். ஃபார்வேர்டைத் தாங்குவது இது ஒன்றுதான்.

மூன்றாவது டிமார்க். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது, திரையில் தெரியும் டொமைனோடு பொருந்தி வெற்றி பெற வேண்டும். இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை டொமைன் வைத்திருப்பவரே அறிவிக்கலாம். சும்மா விடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு என்று மூன்று நிலைகள். பையரின் டொமைன் மூன்றாவது நிலையில் இருந்து, அவர்கள் டிகிம் கையெழுத்தும் போடாதவர்களாக இருந்தால், நீங்கள் திருப்பிவிடும் மெயில் ஜிமெயில் வாசலைத் தாண்டாது.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்தச் சோதனைகளை இறுக்கிவிட்டன. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். "பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தது, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு விடை இந்தத் தேதிதான். உங்கள் பக்கம் எதுவும் மாறவில்லை, வாங்கும் பக்கம் மாறிவிட்டது.

ஆனால் எல்லா பையர் மெயிலும் நிற்பதில்லையே, ஒரு சிலருடையது மட்டும்தானே நிற்கிறது?

டிகிம் கையெழுத்தோடு அனுப்புபவர்களின் மெயில் வந்துவிடும். பெரிய பிராண்டுகள் எல்லாம் இதைச் சரியாக வைத்திருப்பார்கள். மாட்டுவது பெரும்பாலும் சின்ன பையிங் ஏஜென்ட், நூல் மில், டையிங் யூனிட், கிளியரிங் ஏஜென்ட் இவர்களுடைய மெயில்தான். எஸ்பிஎஃப் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தியிருப்பார்கள்.

இன்னொரு காரணம் உங்கள் சர்வரே கையெழுத்தைக் கெடுப்பது. சில ஆன்டிவைரஸ் மென்பொருட்கள் மெயிலின் அடியில் "இது சோதிக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்க்கும். சில சர்வர்கள் தலைப்பில் "வெளியிலிருந்து வந்தது" என்று ஒட்டும். அந்த ஒரு வரி போதும், டிகிம் உடைந்துவிடும். திருப்பிவிடும் மெயிலில் எதையும் சேர்க்காதீர்கள், எதையும் நீக்காதீர்கள். ஹோஸ்டிங்காரரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

எஸ்ஆர்எஸ் போட்டால் சரியாகிவிடும் என்று ஹோஸ்டிங்காரர் சொல்கிறார். உண்மைங்களா?

பாதி உண்மை. திருப்பிவிடும்போது கவர் மேல் உள்ள அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைன் முகவரியாக மாற்றி எழுதுவதுதான் எஸ்ஆர்எஸ். பழைய முகவரியும் அதற்குள்ளேயே பொதிந்திருக்கும்; ஒரு ரகசியக் குறியும் தேதிக் குறியும் சேர்ந்திருப்பதால் வெளியாள் போலியாக உருவாக்க முடியாது. இனி ஜிமெயில் எஸ்பிஎஃப் சோதிப்பது உங்கள் டொமைனுக்கு, அது வெற்றி பெறும். பவுன்ஸ் வந்தாலும் உங்கள் சர்வருக்கு வந்து, அங்கே முகவரி பிரிக்கப்பட்டு, உண்மையான அனுப்புநருக்குப் போகும்.

ஆனால் டிமார்க் கேட்பது திரையில் தெரியும் டொமைனோடு பொருத்தம். திரையில் பையர் பெயர், எஸ்பிஎஃப் வெற்றி உங்கள் பெயரில். பொருத்தம் இல்லை. ஆகவே டிமார்க்கே இல்லாத சின்னக் கம்பெனிகளின் மெயிலுக்கு எஸ்ஆர்எஸ் நன்றாகவே உதவும். கடுமையான டிமார்க் வைத்து, டிகிம் இல்லாமல் அனுப்புபவர்களின் மெயிலுக்கு உதவாது. அங்கே ஒரே வழி, அனுப்புபவரை டிகிம் போடச் சொல்வதுதான். நயமாக ஒரு மெயில் எழுதினால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். அவர்களுக்கும் அது நல்லதுதானே.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் ஓடும் சர்வரில் இதற்கு போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற துணை மென்பொருளைச் சேர்க்க வேண்டும். சிபேனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டு மென்பொருள் உள்ள சர்வர் என்றால், அதன் மெயில் மென்பொருளான எக்ஸிமின் அமைப்புப் பக்கத்தில் இதற்கான தேர்வு இருக்கிறது, ஆனால் சர்வர் நிர்வாகிதான் அதைத் தொட முடியும். மைக்ரோசாஃப்ட் 365 வெளியே திருப்பிவிடும்போது தானாகவே செய்துகொள்கிறது.

ஆர்க் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, 2019-இல் வந்தது. "என்னிடம் வந்தபோது எஸ்பிஎஃபும் டிகிமும் சரியாக இருந்தன" என்று இடையில் உள்ள சர்வர் சாட்சிக் கையெழுத்துப் போடும் முறை. வாங்கும் சர்வர் அந்தச் சாட்சியை நம்பினால்தான் பயன். ஊர் பேர் தெரியாத ஒரு ஷேர்டு ஹோஸ்டிங்கின் சாட்சியை ஜிமெயில் அப்படியே ஏற்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

எங்கள் பெட்டிக்கு வரும் ஸ்பேமும் சேர்ந்து போகிறது. அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?

நிறையக் கெடும். இதைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜிமெயிலின் பார்வையில் அந்த ஸ்பேமை அனுப்புவது உங்கள் சர்வர். நாள் முழுக்கக் குப்பை வந்துகொண்டே இருந்தால் அந்த ஐபி எண்ணின் மதிப்பு இறங்கும். பிறகு திருப்பிவிடும் மெயில் மட்டுமல்ல, நீங்கள் பையருக்கு நேரடியாக அனுப்பும் கொட்டேஷனும் ஸ்பேமில் விழும். சாம்பிள் அப்ரூவல் கேட்டு எழுதிய மெயில் அங்கே ஸ்பேமில் கிடக்கும், இங்கே மெர்ச்சண்டைசர் பதிலுக்குக் காத்திருப்பார், ஷிப்மென்ட் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் அதே ஐபியில் இருக்கும் மற்ற கம்பெனிகளும் சேர்ந்து அவதிப்படுவார்கள்.

இன்னும் ஒன்று. ஸ்பேமை ஜிமெயில் வாங்க மறுத்தால் உங்கள் சர்வர் பவுன்ஸ் அனுப்பும். யாருக்கு? ஸ்பேமில் போலியாகப் போட்டிருந்த ஏதோ ஒரு அப்பாவி முகவரிக்கு. இப்படிச் சம்பந்தமில்லாதவர்களுக்கு பவுன்ஸ் அனுப்பும் சர்வர்கள் தடைப்பட்டியல்களில் ஏறிவிடும்.

எனவே வரிசை முக்கியம்: முதலில் ஸ்பேம் வடிகட்டல், அப்புறம்தான் ஃபார்வேர்டு. ஸ்பேம் என்று முடிவானதை உள்ளூர்ப் பெட்டியிலேயே தனி ஃபோல்டரில் வையுங்கள், வெளியே விடாதீர்கள். கேட்ச்-ஆல், அதாவது டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பெட்டி வைத்து அதையும் ஜிமெயிலுக்குத் திருப்பியிருந்தால், இன்றைக்கே நிறுத்துங்கள். தேவையான பெயர்களுக்கு மட்டும் பெட்டி போதும்.

ஃபார்வேர்டு போட்ட பெட்டியிலும் ஒரு காப்பி வைக்கணுங்களா?

கட்டாயம். திருப்பிவிட்டது போய்ச் சேராவிட்டால் அந்தக் காப்பிதான் மிச்சம். பெட்டியே இல்லாமல் வெறும் ஃபார்வேர்டர் மட்டும் போட்டிருப்பவர்கள் முதலில் பெட்டியை உருவாக்குங்கள். சீவ் என்ற மெயில் வடிகட்டும் மொழியில் விதிகள் எழுதுகிற சர்வரில் "ரீடைரக்ட்" என்று மட்டும் எழுதினால் காப்பி நிற்காது. "காப்பி" என்ற குறியையும் சேர்க்க வேண்டும். அப்புறம் பெட்டி நிரம்பி வழியாமல் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலிலிருந்து வேறு இடத்துக்குத் திருப்புபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிமெயில் ஸ்பேமில் போட்டதைத் திருப்பாது. அங்கே போய் நேரில்தான் பார்க்க வேண்டும்.

ஒரே மெயில் இரண்டு பெட்டிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. என்ன காரணம்?

இங்கிருந்து அங்கே ஒரு ஃபார்வேர்டு, அங்கிருந்து இங்கே ஒரு ஃபார்வேர்டு. முதலாளி ஒன்று போட்டிருப்பார், அக்கவுண்டன்ட் இன்னொன்று போட்டிருப்பார், ஒருவருக்கொருவர் தெரிந்திருக்காது. ஒவ்வொரு சர்வரும் மெயிலில் ஒரு "பெறப்பட்டது" வரியைச் சேர்க்கிறது. அந்த வரிகள் எல்லை தாண்டியதும் சர்வர் நிறுத்திவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பான எல்லை 50. அதோடு மெயில் பவுன்ஸ் ஆகிவிடும். லீவு நேரத்தில் தானாகப் பதில் போடும் வசதியும் இதே வேலையைச் செய்யக்கூடும். யார் யாருக்கு ஃபார்வேர்டு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் ஃபார்வேர்டு போட்டோம், எதுவுமே போகவில்லை. 5.7.520 என்று வருகிறது.

அங்கே கம்பெனிக்கு வெளியே தானாகத் திருப்புவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். நிர்வாகி டிஃபென்டர் என்ற பாதுகாப்புப் பகுதியில் உள்ள வெளிச்செல்லும் ஸ்பேம் கொள்கையில் அனுமதி தர வேண்டும். கம்பெனி முழுவதற்கும் திறக்க வேண்டாம், தேவையான பெட்டிக்கு மட்டும் திறங்கள். இந்தத் தடை ஏன் இருக்கிறது என்பதற்கு அடுத்த கேள்வியே பதில்.

நாங்கள் போடாத ஒரு ஃபார்வேர்டு எங்கள் பெட்டியில் இருக்கிறது. யார் போட்டிருப்பார்கள்?

உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

பாஸ்வேர்டைத் திருடியவர்கள் உள்ளே வந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று ரகசியமாக ஒரு ஃபார்வேர்டோ விதியோ போட்டு வைப்பது. இன்வாய்ஸ், பேமெண்ட், பேங்க் என்ற சொற்கள் வரும் மெயில்கள் மட்டும் அவர்களுக்கும் போகும்படி வைப்பார்கள். சில வாரம் சத்தமில்லாமல் படிப்பார்கள். எந்த பையர், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் பணம் போடுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பணம் வரவேண்டிய நேரத்தில், உங்கள் டொமைன் போலவே தோன்றும் ஒரு முகவரியிலிருந்து பையருக்கு "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று ஒரு மெயில் போகும். பையர் பணத்தை அங்கே போட்டுவிடுவார். சரக்கு தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியிருக்கும், பணம் வந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து நிட்டிங் மெஷின் வாங்குபவர்களுக்கும் இதேதான், அங்கே பணத்தை இழப்பது நாம்.

பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் இது தீராது. போட்டு வைத்த விதி அப்படியே இருக்கும், மெயில் போய்க்கொண்டே இருக்கும். ஜிமெயிலில் ஃபார்வேர்டிங் பக்கத்தையும் ஃபில்டர் பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். அவுட்லுக்கில் விதிகள் பக்கத்தைப் பாருங்கள். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஃபார்வேர்டர்களையும் வடிகட்டிகளையும் பாருங்கள். தெரியாததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நீக்குங்கள். அப்புறம் பாஸ்வேர்டு மாற்றம், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு.

பையர்களுக்கு இன்றே ஒரு வரி எழுதி வையுங்கள்: பேங்க் விவரம் மாறினால் மெயிலில் மட்டும் சொல்லமாட்டோம், போனில் பேசி உறுதி செய்த பிறகே பணம் போடுங்கள். பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பேங்குக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை விட்டுப் புது மெயில் சர்வருக்கு மாறுகிறோம். இடையில் ஒரு மெயிலும் தவறக்கூடாது. எப்படிச் செய்வதுங்க?

ஃபார்வேர்டுக்கு உண்மையான இடம் இதுதான். நிதானமாகச் செய்தால் எதுவும் தவறாது.

முதலில் பழைய சர்வரில் உள்ள எல்லாப் பெட்டிகளையும், மாற்றுப் பெயர்களையும், ஃபார்வேர்டர்களையும் பட்டியல் எடுங்கள். அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங், சாம்பிள் என்று பொதுப் பெயரில் இருப்பவைதான் விட்டுப்போகும். ஜிஎஸ்டி, வருமான வரி, பேங்க் ஓடிபி எந்த முகவரிக்கு வருகிறது என்றும் பாருங்கள். அத்தனையையும் புது சர்வரில் முன்கூட்டியே உருவாக்குங்கள்.

இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவின் (உங்கள் டொமைன் மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்வது) டிடிஎல் நேரத்தை (மற்றவர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறையுங்கள். பல இடங்களில் 14,400 அல்லது 86,400 நொடி என்று இருக்கும். அப்படியே விட்டால் சிலருடைய மெயில் ஒரு நாள் வரை பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருக்கும். எஸ்பிஎஃப் பதிவில் சில நாட்களுக்கு இரண்டு சர்வர்களையும் வையுங்கள். இரண்டு எஸ்பிஎஃப் பதிவு போடக்கூடாது, ஒரே பதிவில் இரண்டும் இருக்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டவும் கூடாது.

எம்எக்ஸை மாற்ற நல்ல நேரம் சனிக்கிழமை இரவு. ஐரோப்பா, அமெரிக்கா இரண்டும் லீவில் இருக்கும், ஞாயிறு முழுக்கச் சோதிக்க நேரம் கிடைக்கும்.

மாற்றிய பிறகு பலரும் மறக்கும் ஓர் இடம் உண்டு. பழைய சர்வர் இன்னும் தன்னையே உங்கள் டொமைனின் வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதே சர்வரில் உள்ள வேறு கம்பெனி உங்களுக்கு மெயில் அனுப்பினால் அது வெளியே வராமல் அங்கேயே பழைய பெட்டியில் விழும். திருப்பூரில் பல கம்பெனிகள் ஒரே ஹோஸ்டிங்காரரிடம் இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது: ஜெர்மனி மெயில் வரும், அடுத்த தெரு பிரின்டிங் யூனிட் மெயில் வராது. சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் என்ற இடத்தில் "லோக்கல்" என்பதை முதலில் "பேக்கப்" (அங்கே வருவதைப் புது சர்வருக்கு அனுப்பிவிடும்) என்றும், சில நாள் கழித்து "ரிமோட்" என்றும் மாற்றுங்கள். பழைய பெட்டிகளை ஒரு வாரமாவது தினமும் திறந்து பாருங்கள்.

பழைய மெயில்களைக் கொண்டுவர ஐமேப்சிங்க் நல்ல கருவி. ஃபோல்டர் ஃபோல்டராக நகலெடுக்கும். மறுபடி ஓட்டினால் விட்டுப்போனதை மட்டும் எடுக்கும். எம்எக்ஸ் மாற்றுவதற்கு முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை ஓட்டுங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று எண்ணிக்கை பார்த்த பிறகே பழைய ஹோஸ்டிங்கை நிறுத்துங்கள்.

வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் பெட்டியை என்ன செய்வது?

அதே சர்வருக்குள் இன்னொருவர் பெட்டிக்குத் திருப்புங்கள். வெளியே போகாததால் மேலே சொன்ன எஸ்பிஎஃப் சிக்கல் எதுவும் இல்லை. போனவரின் சொந்த ஜிமெயிலுக்கு ஏற்கெனவே ஃபார்வேர்டு இருந்ததா என்று பார்த்து நீக்க மறக்காதீர்கள்.

சரி, ஃபார்வேர்டு வேண்டாம் என்றால் வேறு வழி?

போனிலும் கம்ப்யூட்டரிலும் கம்பெனி பெட்டியை ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலை அங்கேயே வைத்துப் பார்க்கும் முறை) மூலம் நேரடியாகச் சேர்த்துக்கொள்வது எளிது, செலவில்லை. ஜிமெயில் ஆப்பிலேயே உங்கள் கம்பெனி பெட்டியையும் சேர்க்கலாம். கம்ப்யூட்டரில் ஜிமெயில் மற்றப் பெட்டிகளிலிருந்து பாப் மூலம் மெயிலை இழுத்துக்கொள்ளும் வசதியைச் சிலர் நம்பி இருக்கிறார்கள்; 2026-இல் அதற்கான ஆதரவை நிறுத்துவதாக கூகுள் அறிவித்துவிட்டது, இனி அதில் புதிதாக இறங்க வேண்டாம்.

ஆர்டர் மெயில் வரும் கம்பெனி என்றால், டொமைனின் எம்எக்ஸையே கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ, மைக்ரோசாஃப்ட் 365 போன்ற ஒன்றுக்கு நேராக மாற்றிவிடுங்கள். மாதச் செலவு வரும். ஒரு சாம்பிள் செட் கூரியர் செலவோடு வைத்துப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது. முதலாளியும் மெர்ச்சண்டைசரும் ஒரே மெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பகிர்ந்த பெட்டி இருக்கிறது, ஃபார்வேர்டே தேவைப்படாது.

டெக் பேக் (ஆடையின் டிசைன், அளவு விவரங்கள் உள்ள ஃபைல்) இருக்கும் மெயில் மட்டும் வருவதில்லைங்க.

அளவு. இணைப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிறது. 15 எம்பி ஃபைல் 20 எம்பி ஆகிவிடும். உங்கள் சர்வர் வாங்கிக்கொண்டாலும் அடுத்த சர்வர் வாங்காமல் போகலாம். ஜிமெயில் 50 எம்பி வரை பெற்றுக்கொள்ளும், ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வைத்திருக்கும் எல்லை ஏறக்குறைய 10 எம்பிதான். திருப்பிவிடும் பாதையில் எந்தச் சர்வரின் எல்லை குறைவோ அதுதான் உங்கள் எல்லை. மறுக்கப்பட்டால் பவுன்ஸ் பையருக்குப் போகும், அதில் உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியும் அவர் கண்ணில் படும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நாங்களே சோதிக்க முடியுங்களா?

முடியும். சம்பந்தமில்லாத மூன்று இடங்களிலிருந்து கம்பெனி முகவரிக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள்: ஒரு ஜிமெயில், ஒரு யாஹூ, ஒரு கம்பெனி டொமைன். கடைசியில் வந்து சேரும் ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் மேலேயே தெரியும். டிகிம் பாஸ் என்று இருந்தால் ஃபார்வேர்டு மெயிலைக் கெடுக்கவில்லை. டிகிம் ஃபெயில் என்று இருந்தால், அதே மெயிலின் நகல் கம்பெனி பெட்டியில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக ஒரு வரி சேர்ந்திருந்தால் அதுதான் காரணம். அதற்குக் கீழே உள்ள முழு உரையில் "Received-SPF" என்று தொடங்கும் வரியில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் டொமைன் பெயர் இருந்தால் எஸ்ஆர்எஸ் வேலை செய்கிறது, அனுப்பியவர் பெயரே இருந்தால் இல்லை. ஹோஸ்டிங்காரரிடம் பேசும்போது அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பிவிட்டுப் பேசுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.